எடையைப் பிரிப்பதா, கயிற்றைப் பிரிப்பதா?

கேள்வி இது. சிங்கப்பூரில், பிளஸ் டூவுக்கு இணையான தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ வரை இயற்பியல் படித்த அப்பா உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அவருக்கும் பிடிபடவில்லை. 12 கிலோ விளக்குப் பெட்டி ஒன்று இரண்டு கயிறுகளில் அசையாமல் தொங்குகிறது. இடக்கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகை, வலக்கயிறு 45 பாகை. ஒவ்வொன்றிலும் இழுவிசை எவ்வளவு? மகள் எடையை அந்தந்தக் கயிற்றின் திசையில் பிரித்து, 58.9 என்றும் 83.2 என்றும் எழுதியிருக்கிறாள். விடைத்தாளில் இருப்பதோ 86.2 நியூட்டன், 105.5 நியூட்டன். "எடையைக் கயிற்றின் பக்கம் பிரித்தால் என்ன, கயிற்றை எடையின் பக்கம் பிரித்தால் என்ன? இரண்டும் ஒரே முக்கோணம்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. நான் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாரம் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளராகப் பல வருடம் இருந்தவன். இப்போது வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். இந்தத் தவற்றை நான் திருத்தாத மாதமே இல்லை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். அதற்குக் காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் மகளுடைய விடையை அடிக்காமல் அப்படியே பெட்டியில் போட்டுப் பாருங்கள். பெட்டியின் எடை 12 × 9.81, அதாவது 117.7 நியூட்டன். இடக்கயிறு 58.9 நியூட்டனால் இழுக்கிறது என்றால், அதில் மேல்நோக்கிக் கிடைப்பது 58.9 × சைன் 30, அதாவது 29.4. வலக்கயிறு 83.2 நியூட்டனால் இழுத்தால் மேல்நோக்கி 83.2 × சைன் 45, அதாவது 58.9. இரண்டையும் கூட்டினால் 88.3 வருகிறது. எடை 117.7. மீதி 29.4 நியூட்டனை யார் தாங்குவது? மூன்று கிலோ அந்தரத்தில் நிற்கிறது. பக்கவாட்டிலும் கணக்கு உதைக்கிறது: இடப்பக்கம் 51.0, வலப்பக்கம் 58.9. இந்தப் பெட்டி கீழேயும் இறங்கும், வலப்பக்கமும் நகரும். கேள்வியோ "அசையாமல்" என்கிறது.

இந்தச் சோதனையை மகளுக்குப் பழக்கப்படுத்திவிடுங்கள். விடைத்தாளே தேவைப்படாது. எந்த வழியில் இழுவிசையைக் கண்டுபிடித்தாலும், கடைசியில் மேல்-கீழ் ஒரு முறை, இட-வலம் ஒரு முறை கூட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

சரியான வழி இப்படிப் போகும். பெட்டியின் மேல் மூன்று விசைகள்தான் உள்ளன: எடை கீழே, இரண்டு கயிறுகள் சாய்வாக மேலே. கயிறு என்பது ஒரு பிடிவாதமான பொருள். தன் நீளத்தின் வழியே இழுக்கத் தெரியும், வேறு எதுவும் தெரியாது; தள்ளாது, பக்கவாட்டில் தாங்காது. ஆகவே ஒவ்வொரு கயிற்றின் இழுப்பையும் ஒரு செங்குத்துக் கூறாகவும் ஒரு கிடைக்கூறாகவும் பார்க்கிறோம். எடை ஏற்கனவே செங்குத்தாக இருக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை.

இட-வலம்: இடது இழுவிசை × கோசைன் 30 = வலது இழுவிசை × கோசைன் 45.

மேல்-கீழ்: இடது இழுவிசை × சைன் 30 + வலது இழுவிசை × சைன் 45 = 117.7.

45 பாகைக்குச் சைனும் கோசைனும் ஒன்றே. அதனால் வலக்கயிறு எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறதோ அவ்வளவே மேலேயும் இழுக்கிறது. முதல் சமன்பாட்டின்படி அது இடது இழுவிசையின் 0.866 மடங்கு. இரண்டாவதில் போட்டால் இடது இழுவிசை × (0.5 + 0.866) = 117.7. இடது இழுவிசை 86.2 நியூட்டன், வலது இழுவிசை 105.5 நியூட்டன். மேல்நோக்கி 43.1 + 74.6 = 117.7. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் 74.6. பெட்டி நிற்கிறது.

இரண்டு இழுவிசைகளையும் வெறுமனே கூட்டினால் 191.7 வருவதைக் கவனித்தீர்களா? தொங்குவது 117.7தான். மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காத பிள்ளையைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். இரண்டு கயிறுகளும் பெட்டியைத் தூக்குவதோடு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. இடது 74.6 நியூட்டனால் இடப்பக்கம் இழுக்க, வலது அதே 74.6ஆல் வலப்பக்கம் இழுக்கிறது. வடம் இழுக்கும் போட்டியில் சமமாக நிற்கும் இரண்டு அணிகளைப் போல. பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் கயிறு அதையும் சேர்த்துத் தாங்கியாக வேண்டும். இழுவிசையை எடையின் பங்காக நினைப்பவர்களுக்கு இந்த இடம்தான் இடிக்கும்.

இதை வீட்டிலேயே கையால் உணரலாம். ஊருக்குப் போய்வரும் நம் வீடுகளில் பெட்டியின் எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றாவது கிடக்கும். அடுத்த வீட்டில் இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். 5 கிலோ அரிசிப் பையின் கைப்பிடியில் இரண்டு கொக்கிகளையும் மாட்டி, ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்குங்கள். இருவரும் ஒட்டி நின்றால் இரண்டும் 2.5 காட்டும். மெதுவாக விலகுங்கள். பையின் எடை கூடவில்லை, ஆனால் இரண்டு தராசிலும் எண் ஏறிக்கொண்டே போகும். இரண்டு தராசுகளுக்கும் நடுவே 90 பாகை விரிந்தால் ஆளுக்கு 3.5 கிலோவுக்குப் பக்கம். 120 பாகை விரிந்தால் ஒவ்வொன்றும் 5 கிலோ காட்டும்: இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் ஒவ்வொருவருக்கும் முழுப் பை. இன்னும் விரித்தால் தனியாகத் தூக்குவதே மேல் என்று ஆகிவிடும். கை வலிக்கும்போது சைன் தானாக மண்டையில் ஏறும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எடையைக் கயிற்றின் திசையில் பிரிப்பது குற்றமா? குற்றமில்லை. எந்தத் திசையில் வேண்டுமானாலும் பிரிக்கலாம், இயற்கைக்கு மேல்-கீழ், இட-வலம் என்று தனிப்பாசம் கிடையாது. ஆனால் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்தத் திசையில் எல்லா விசைகளும் என்ன செய்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். மகள் இடக்கயிற்றின் திசையைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் திசையில் எடையின் கூறு 117.7 × சைன் 30 = 58.9. இதுவரை சரி. ஆனால் வலக்கயிறும் அங்கே இருக்கிறதே! இரண்டு கயிறுகளுக்கும் இடையில் 105 பாகை. 90ஐத் தாண்டிவிட்டதால், வலக்கயிறு இடக்கயிற்றின் திசையில் சற்றே பின்னோக்கி இழுக்கிறது. எவ்வளவு? 105.5 × கோசைன் 75, அதாவது 27.3 நியூட்டன். இடக்கயிறு எடையின் கூறான 58.9ஐயும், தோழனின் இந்த 27.3ஐயும் சேர்த்துத் தாங்குகிறது. கூட்டினால் 86.2. விடைத்தாளில் இருக்கும் அதே எண்.

ஆக, அவள் விட்டது சூத்திரத்தை இல்லை, ஒரு கயிற்றை. அந்த 27.3 நியூட்டனை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். கடைசியில் திரும்ப வருவேன்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏன் விழுகிறார்கள் என்று சொல்கிறேன் என்றேன். அவர்கள் இந்த வழியை எங்கோ பார்த்திருக்கிறார்கள், அங்கே அது வேலை செய்திருக்கிறது. இரண்டு கயிறுகள் 30, 60 பாகையில் இருக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகங்களுக்கு மிகவும் பிடித்த கோணங்கள். அங்கே கயிறுகளுக்கு இடையில் சரியாக 90 பாகை. ஒரு கயிற்றின் திசையில் மற்றதற்குக் கூறே இல்லை. எடையை மட்டும் பிரித்தாலே விடை கிடைத்துவிடும்: எடை × சைன் 30, எடை × சைன் 60. முதல் கணக்கில் அதிர்ஷ்டம் அடித்தால் அதுவே வழி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

இன்னொரு மூலம் சாய்தளம். சாய்தளத்தில் பெட்டியை வைத்தால் எல்லா ஆசிரியர்களும் எடையைத்தான் பிரிப்பார்கள். தளத்தின் வழியே ஒரு கூறு, தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கூறு. அது ஏன் அங்கே இவ்வளவு சுலபமாக முடிகிறது? தளம் தரும் செங்குத்து எதிர்விசை, தளத்தின் வழியே பார்த்தால் கணக்கிலேயே வராது. தாங்கும் இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருப்பதால் அதுவும் 30, 60 கயிற்றுக் கணக்கின் தம்பிதான். சாய்தளத்தில் பழகிய கை தொங்கும் கயிற்றிலும் அதையே செய்யப் போகிறது.

சாய்தளத்தில் விசை எப்படிக் குறைகிறது என்பதை சைமன் ஸ்டெவின் 1586இல், சைன், கோசைன் எதையும் கையில் எடுக்காமலே காட்டினார். ஒரு முக்கோணத்தின் மேல் சம எடையுள்ள 14 குண்டுகளைக் கோத்த மாலையைப் போட்டுக் கற்பனை செய்தார். மாலை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்க முடியாது, ஆகவே நீளமான சரிவில் இருக்கும் அதிகக் குண்டுகளும் குட்டையான சரிவில் இருக்கும் குறைந்த குண்டுகளும் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும் என்றார். எனக்கு இயற்பியலில் பிடித்த வாதங்களில் இது ஒன்று. கணக்கே வராத ஒரு கணக்கு.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளியில், ஓ லெவல் தேர்வுக்கு, மூன்று விசைகள் சமநிலையில் இருக்கும் கணக்கை அளவுகோலை வைத்து வரைந்தே முடித்துவிடலாம். விசைகளை வாலும் தலையுமாக அடுக்கினால் முக்கோணம் மூடிக்கொள்ளும், பக்கத்தை அளந்தால் விடை. தொடக்கக் கல்லூரிக்கு வந்ததும் திடீரென்று கூறுகளாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். நான் பழைய வரைபடத்தைத் தூக்கி எறிய விடுவதில்லை. 10 நியூட்டனுக்கு 1 செண்டிமீட்டர் என்று வைத்து, எடைக்கு 11.8 செண்டிமீட்டர் கீழ்நோக்கி வரைந்து, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் கயிறுகளின் திசையில் கோடு இழுத்தால், 8.6க்கும் 10.5க்கும் பக்கத்தில் இரண்டு பக்கங்கள் வரும். மகள் எழுதிய 5.9, 8.3 அந்த முக்கோணத்தை மூடாது. கண்ணாலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு லாமி தேற்றம் நினைவிருக்கலாம். தமிழ்நாட்டில் படித்தவர்கள் அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை விடமாட்டார்கள். ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண் வரும் என்பது அது. இங்கே 117.7ஐ சைன் 105ஆல் வகுத்தால் 121.9. அதை சைன் 135ஆல் பெருக்கினால் 86.2. ஒரே வரியில் முடிந்தது. மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், தவறில்லை. ஆனால் விசை நான்காகிவிட்டால் அது கைகொடுக்காது, கூறுகளாகப் பிரிப்பது கைவிடாது. தவிரவும், லாமி தேற்றத்தின் உள்ளே இருப்பதும் ஒரு புத்திசாலித்தனமான பிரிப்புதான்: வலக்கயிறு வேண்டாம் என்றால் வலக்கயிற்றுக்குச் செங்குத்தான திசையில் பிரி. அந்தத் திசையில் அது காணாமல் போய்விடும், இடது இழுவிசையும் எடையும் மட்டும் மிஞ்சும். தெரியாத ஒன்றை ஒழிக்கும் திசையைத் தேடுவது, மனப்பாடம் செய்த எந்தச் சூத்திரத்தைவிடவும் நெடுநாள் உதவும்.

கேள்வித்தாளில் முடிச்சா, வளையமா என்று பார்க்கவும் சொல்லுங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் இழுவிசை வேறு வேறாக இருக்கலாம். உண்மையில் அவை இரண்டு கயிறுகள். வழுவழுப்பான வளையம் கயிற்றில் ஓடுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே கயிறு, ஒரே இழுவிசை. பக்கவாட்டில் சமமாக வேண்டுமானால் கோணங்களும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். 30, 45 என்று ஒரு வளையம் நிற்கவே நிற்காது, சறுக்கிக்கொண்டு போய் இரண்டு கோணமும் ஒன்றாகும் இடத்தில்தான் நிற்கும்.

பட்டறைக் கதை ஒன்று. இரண்டு டன் பம்பு ஒன்று மரப்பெட்டியில் வந்திருந்தது. பெட்டிக்கு அடியில் பெல்ட் கொடுத்து, இரண்டு பக்கமும் கிரேன் கொக்கிக்கு ஏற்ற வேண்டும். நீளமான பெல்ட் வேறு இடத்தில் மாட்டியிருந்ததால் குட்டையானதைக் கொண்டுவந்தார்கள். பெல்ட்டின் தாங்குதிறனைப் பார்த்தேன், தாராளமாக இருந்தது. தலையசைத்துவிட்டேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் ரிகராக, அதாவது பாரத்தைக் கட்டிக் கொக்கியில் மாட்டுபவராக, இருந்தார். "அண்ணே, பெல்ட்டு படுத்துக்கிட்டு இருக்கு. பெட்டி நசுங்கிடும்ணே" என்றார். நான் மறுபடியும் தாங்குதிறன் பட்டியைக் காட்டினேன். தூக்கியதும் பெல்ட் அறுந்து போகவில்லை. பெட்டியின் மேல் விளிம்புகள் இரண்டும் உள்ளே மடங்கின, பலகை உடையும் சத்தம் கேட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்ட் கிடைமட்டத்தோடு 60 பாகையில் நின்றிருந்தால் ஒரு பக்கத்துக்கு இழுவிசை 1.15 டன், பெட்டியை உள்நோக்கி நெருக்கும் கிடைக்கூறு 0.58 டன். 45 பாகையில் 1.41 டன், நெருக்குவது 1 டன். அன்று இருந்ததுபோல் 30 பாகைக்கு இறங்கினால் இழுவிசை முழு 2 டன், நெருக்குவது 1.73 டன். பெல்ட் 2 டன்னைத் தாங்கியது. நான் பார்த்தது அதை மட்டும்தான். பக்கவாட்டுக் கூறு சமன் ஆகி மறைந்துவிடுகிறது என்று தாளில் அடித்துவிடுகிறோம் அல்லவா? கொக்கியைப் பொறுத்தவரை அது மறைகிறது. நடுவில் நிற்கும் பெட்டியைக் கேட்டால் வேறு பதில் வரும். பட்டுக்கோட்டைத் தம்பிக்குக் கோசைன் தெரியாது, ஆனால் அந்த 1.73 டன் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பாரங்களுக்கு மேலே ஒரு நீள உத்தரத்தைப் போட்டு, அதிலிருந்து பெல்ட்டுகளை நேராகத் தொங்கவிட்டோம். நெருக்கும் வேலையை உத்தரம் வாங்கிக்கொள்ளும்.

2011இல் பாரந்தூக்கிகளுக்கான விதிமுறைகள் இங்கே நடப்புக்கு வந்தன. பாரம் தூக்க ஒரு திட்டம் எழுதி, மேற்பார்வையாளர், ரிகர், சிக்னல்மேன் என்று ஆளுக்கொரு பொறுப்போடு நிற்க வேண்டும். அந்தத் திட்டத் தாளில் பெல்ட்டின் கோணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை அவசரத்தில் நிரப்பும் கையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. ஒரு எச்சரிக்கை: சிலர் கிடைமட்டத்தோடு கோணத்தைச் சொல்வார்கள், சிலர் இரண்டு பெல்ட்டுகளுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சொல்வார்கள். முதலாமவரின் 30தான் இரண்டாமவரின் 120. ஒருவர் "60" என்று கத்தி மற்றவர் வேறு 60ஐப் புரிந்துகொண்டால் வம்புதான். தேர்வுத்தாளிலும் இதே வம்பு உண்டு. கோணம் கூரையோடா, சுவரோடா, இரண்டு கயிறுகளுக்கு நடுவிலா? "கிடைக்கூறு என்றால் கோசைன்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை, சுவரோடு கோணம் கொடுத்த நாளில் மாட்டிக்கொள்ளும்.

கயிற்றை ஏன் முற்றிலும் கிடையாக இழுத்துக் கட்ட முடியாது என்பதும் இதே சைனில் இருக்கிறது. உங்கள் மகளின் 12 கிலோ பெட்டியை, சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொங்குவதுபோல், குறுக்கே கட்டிய கம்பியின் நடுவில் தொங்கவிட்டதாக வைத்துக்கொள்வோம். கம்பி இரண்டு பக்கமும் 5 பாகை தொய்ந்தால் இழுவிசை 675 நியூட்டன். அசிங்கமாகத் தொய்கிறதே என்று இறுக்கி 1 பாகைக்குக் கொண்டுவந்தால் 3,370 நியூட்டனைத் தாண்டும், அதாவது ஏறக்குறைய 344 கிலோவின் எடை. 12 கிலோ பெட்டிக்கு! தொய்வைச் சுழியாக்க எந்தக் கம்பியாலும் முடியாது. எடையைத் தாங்கக் கொஞ்சமாவது மேல்நோக்கிய கூறு வேண்டும், முழுக்கக் கிடையான கம்பியிடம் அது இல்லை. ஃபேபர் மலையிலிருந்து செந்தோசாவுக்கு 1974 முதல் ஓடும் கேபிள் காரைப் பார்த்து, "கம்பிவடத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாமே" என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். 1983இல் ஒரு துரப்பணக் கப்பலின் கோபுரம் அந்த வடத்தில் சிக்கி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்ததைப் படித்துவிட்டு வந்திருந்தான். வடத்தை உயர்த்த வேண்டுமானால் தூணை உயர்த்த வேண்டும். இறுக்கியே உயர்த்தலாம் என்று கிளம்பினால் ஒவ்வொரு பாகைக்கும் கேட்கும் விலை எகிறிக்கொண்டே போகும் என்றேன். வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும்போதும் இதே சங்கதி. சுண்டக் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும்.

இனி கொஞ்சம் கடினமான இடம். தொடக்கக் கல்லூரியில் அடுத்து ஊசல் வரும், அப்போது இந்தக் குழப்பம் புதிய உடையில் திரும்பும். 1 கிலோ குண்டு ஒரு நூலில், நூல் செங்குத்தோடு 30 பாகையில் நிற்கும் படம். இழுவிசை எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். படம் மட்டும் போதாது.

குண்டைக் கையால் கிடைமட்டமாக இழுத்து அசையாமல் பிடித்திருக்கிறோம் என்றால், மேல்-கீழ் பாருங்கள்: இழுவிசை × கோசைன் 30 = எடை. இழுவிசை 11.3 நியூட்டன். எடையான 9.81ஐவிட அதிகம். கையை எடுத்த அந்தக் கணத்தில் என்ன ஆகிறது? குண்டு இன்னும் நகரவில்லை, ஆனால் நகரத் தொடங்கப்போகிறது. நூலுக்குச் செங்குத்தான திசையில். நூலின் வழியே மட்டும்தான் முடுக்கம் இல்லை. ஆகவே அந்தத் திசையில்தான் சமன்பாடு எழுத முடியும்: இழுவிசை = எடை × கோசைன் 30 = 8.5 நியூட்டன். அதே படம், அதே கோணம். 11.3 ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாமல் 8.5 ஆகிறது. ஒன்றில் கோசைனால் வகுக்கிறோம், மற்றதில் பெருக்குகிறோம். குண்டைப் படுக்கை வட்டத்தில் சுழலவிட்டால் மீண்டும் 11.3: அங்கே முடுக்கம் கிடைமட்டமாக வட்டத்தின் மையத்தை நோக்கியது, மேல்-கீழாக ஒன்றும் இல்லை, எனவே மேல்-கீழ் சமன்பாடுதான் செல்லும்.

நான் மாணவர்களிடம் முதலில் கேட்பது "சைனா, கோசைனா" என்பதில்லை. "எந்தப் பக்கம் முடுக்கம் இல்லை?" என்று கேட்பேன். அதற்குப் பதில் சொன்ன பிள்ளைக்கு மிச்சம் வெறும் கை வேலை. அசையாமல் தொங்கும் பெட்டியில் எந்தப் பக்கமும் முடுக்கம் இல்லை. அங்கே எந்தத் திசையையும் எடுக்கலாம் என்ற சுதந்திரம்தான் பிள்ளையைக் குழப்புகிறது.

மற்ற சில்லறைத் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 12 கிலோவை 12 நியூட்டன் என்று போடுவது. கால்குலேட்டர் ரேடியனில் இருப்பதைக் கவனிக்காதது. படத்தில் கயிற்றின் இழுவிசையையும் அதன் இரண்டு கூறுகளையும் ஒரே கனத்தில் வரைந்து, பிறகு மூன்றையும் விசைகளாக எண்ணிக்கொள்வது. கூறுகளைப் புள்ளிக்கோட்டில் வரையச் சொல்லுங்கள்.

இப்போது காகிதத்தில் எழுதி வைத்த 27.3ஐ எடுங்கள். உங்கள் மகளின் பெட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடக்கயிற்றில் 86.2 நியூட்டன். வலக்கயிற்றைக் கத்தரியால் சட்டென்று வெட்டுகிறோம். பெட்டி இன்னும் நகரவில்லை. ஆனால் இப்போது அது ஓர் ஊசல், கையை விட்ட குண்டைப் போல. இடக்கயிற்றின் வழியே முடுக்கம் இல்லை. பின்னோக்கி இழுத்த வலக்கயிறும் இல்லை, அது கொடுத்த 27.3 போய்விட்டது. மிஞ்சுவது எடையின் கூறு மட்டும்: 117.7 × சைன் 30. 58.9 நியூட்டன். இடக்கயிற்றை வெட்டினால் வலக்கயிற்றில் இருக்கப்போவது 83.2.

மகள் எழுதிய இரண்டு எண்களும் சரிதான், கேள்விதான் வேறு. அவளிடம் அதைச் சொல்லிவிட்டு, அரிசிப் பையை வைத்துச் சோதனை செய்யும்போது ஒருவர் தராசைத் திடீரென்று விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 5 கிலோ அரிசி கால் விரலில் இறங்கினால் நன்றாகவே வலிக்கும்.